முதல் நாள் ஒன்று

மழைக்காலம் தொடங்கிவிட்டால் பூச்சிக்காரருக்குத் தலைக்கு மேல் வேலை. சாக்கடை நிரம்பியதும் எலிகள் மேலேறி வரும். சுவரில் ஈரம் ஏறியதும் கரையான் கதவு நிலையில் வாய் வைக்கும். கரப்பானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதுகில் தகரத் தெளிப்பானும் தோளில் பையுமாகக் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறவர் வீடு திரும்ப இருட்டிவிடும். நேரில் பார்த்தால் "பூச்சிக்காரரே" என்பார்கள், முதுகு திரும்பினால் "மூட்டைப்பூச்சி" என்பார்கள். இரண்டுமே அவர் காதில் விழும். ஊரில் பாதிப் பேருடைய கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் என்பதால் அவருக்குக் கோபம் வருவதில்லை.

முப்பது வருடத் தொழில். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் தரையும் சுவரும் சேரும் மூலைக்குத்தான் போகும். வேலை முடிந்து கிளம்பும்போது வீட்டுக்காரர்களிடம் ஒரே பாட்டைத்தான் பாடுவார். மருந்தடித்த இடத்தில் ஒரு நாளைக்குத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். பொந்துக்குள் இருப்பதெல்லாம் வெளியே ஓடி வந்து துடிக்கும், பயப்படாதீர்கள், மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம். அரைகுறையாக அடித்தால் தப்பித்தது தேறிவிடும், அப்புறம் எதற்கும் மசியாது.

இதில் கடைசியாகச் சொன்னது அவருடைய சொந்தக் குட்டையும் உடைக்கும் விஷயம். ஏனென்றால் பெரிய வீடுகளில் முதல் தடவை அவர் அடிப்பது அரைக் கலவைதான். இரண்டு மாதத்தில் மறுபடி கூப்பிட வேண்டாமா? "என்ன இவ்வளவு தண்ணியா இருக்கு?" என்று யாராவது கேட்டுவிட்டால், "ஒரேயடியா அடிச்சா உங்களுக்கு நெடி தாங்காதும்மா, போகப் போக ஏத்திக்கலாம்" என்று கூசாமல் சொல்லுவார். வேண்டியவர்கள் வீட்டுக்கு மட்டும் முழுக் கலவை. மனைவியின் அக்கா வீட்டில் எட்டு வருடமாக ஒரு கரப்பான் கிடையாது. அதில் அவருக்கு ஒரே பெருமை.

அப்படிப்பட்டவருடைய மனைவிக்குத்தான் ரத்தப் புற்றுநோய் வந்தது. முதலில் களைப்பு என்றாள். பிறகு தொட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய வேலைத் துணிகளை இத்தனை வருடமும் தனி வாளியில் ஊறப்போட்டுத் துவைத்தவள் அவள். அக்காக்காரி அதைப் பிடித்துக்கொண்டாள். உன் புருஷன் அடிக்கிற மருந்துதான் உன்னைத் தின்கிறது என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, அவர் காதுபடவே சொன்னாள். அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஆனால் பூச்சிக்காரர் மனதில் அந்தச் சொல் தைத்துவிட்டது. தானே கொண்டுவந்ததைத் தானே கொன்று தீர்க்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டார்.

இதயம் பலவீனமாக இருந்ததால் அவளுக்குப் பெரிய ஊசிகள் தாங்காது. சிறிய ஊசி ஒன்று, அதோடு புதுவகை மாத்திரை ஒன்று என்று டாக்டரம்மா முடிவு செய்தார். அந்த மாத்திரை எப்படி வேலை செய்யும் என்று பூச்சிக்காரர் கேட்டார். வேறு யாரும் அதைக் கேட்பதில்லை போலிருக்கிறது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"இது விஷம் இல்லைங்க. உடம்புல ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு காலம் உண்டு. காலம் முடிஞ்சா தானாவே செத்துப்போகும். அதுக்கான ஏற்பாடு அதுக்குள்ளேயே இருக்கு. உங்க வீட்டம்மா ரத்தத்துல இருக்கிற கெட்ட அணுங்க அந்த ஏற்பாட்டைப் பூட்டி வெச்சிருக்குதுங்க. அதான் சாகாம பெருகிக்கிட்டே போகுது. இந்த மாத்திரை உள்ள போய்ப் பூட்டைத் திறந்துவிடும். அப்புறம் அதுங்க தானாவே செத்துடும்."

"எல்லாமேவா?"

"பெரும்பாலும்."

இந்தப் 'பெரும்பாலும்' பூச்சிக்காரருக்கு மிகவும் பழக்கமான சொல். அரைக் கலவை அடித்த வீடுகளில் அவர் சொல்லும் சொல். அவருக்கு மூக்கில் வியர்த்தது. மாத்திரையைக் கையில் கொடுத்த நர்ஸ் ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினாள். முதல் நாள் ஒரு வட்டம், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாளிலிருந்து நான்கு. சாப்பிட்டவுடன் போட வேண்டும். கிட்னிக்குத் துணையாக இன்னொரு மாத்திரை. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். வார்டில் படுக்கை காலியில்லை, அதனால் மாத்திரை போட்ட அன்று மாலையிலும் மறுநாள் காலையிலும் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

நான்குதான் சரியான அளவென்றால் ஏன் ஒன்றில் ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டார். நர்ஸுக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

"ஒரேயடியா குடுத்தா உடம்பு தாங்காதுங்க. போகப் போக ஏத்திக்கலாம்."

நர்ஸ் சொன்னது முழு உண்மை. ஆனால் முப்பது வருடமாக அதே சொற்களைப் பொய்யாகச் சொல்லி வந்தவனுக்கு அது எப்படி உண்மையாகக் கேட்கும்? ஓஹோ, நம்மிடமேயா என்று சிரித்துக்கொண்டே தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

மறுநாள் காலை ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். மழை விட்டு விட்டுப் பெய்தது. மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்தும் வேலை பார்க்கிறாள், அவள் வேலைக்குப் போய்விட்டிருந்தாள். பூச்சிக்காரர் கைகளை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, ஒரு முட்டையை அவித்து உரித்துக் கொண்டுவந்து வைத்தார். அவள் பாதி முட்டையை ஒதுக்கிவிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவர் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக அமுக்கி, நீளமான மஞ்சள் மாத்திரைகள் நான்கைத் தட்டில் வைத்தார்.

அவள் தட்டையும் அவரையும் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒண்ணுன்னுதானே அந்தப் பொண்ணு வட்டம் போட்டுச்சு?"

"வட்டம் போடுறவளுக்கு என்ன தெரியும்? கொஞ்சமா குடுத்தா உள்ள இருக்கிறது பழகிக்கும். அப்புறம் நாலு என்ன, நாப்பது போட்டாலும் சாகாது. முப்பது வருஷமா நான் பாக்காததா?"

"நான் என்ன கரப்பானாங்க?"

"நீ இல்ல. உள்ள இருக்கிறது."

அவள் சிரித்தாள். வாய் நிறையப் புண்ணோடு சிரிப்பது வலித்திருக்கும். "எங்க அக்கா வீட்டுக்கு முழுக் கலவை, உங்க அத்தை வீட்டுக்கு முழுக் கலவை. கடைசியா என் முறையும் வந்துடுச்சு" என்றாள். தெருவில் ஒருவரும் மதிக்காத மனிதனை முப்பது வருடமாக மதித்தவள் அவள் ஒருத்திதான். நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கினாள். இன்னும் தண்ணீர் கேட்டாள்.

"போதும். இன்னிக்கு ஒரு நாள் அடக்கிக்கோ. மருந்தடிச்ச அன்னிக்கே கழுவிவிட்டா எல்லாம் வீணாப்போயிடும்."

கிட்னிக்கான மாத்திரை ஒன்று கிடந்தது. அது எதற்குக் குறுக்கே என்று அதையும் எடுத்துவைத்துவிட்டார்.

மாலை ரத்தம் கொடுக்கப் போகவேண்டிய நேரத்தில் ரொட்டி சுடும் கூடத்திலிருந்து ஆள் வந்தான். மாவு மூட்டைக்கு அடியில் எலிக் குட்டிகள், உடனே வர வேண்டும் என்றான். மழை வேறு. மருந்தடித்த வீட்டைப் பூட்டிவைத்திருப்பதுதானே முறை, இவளை எதற்கு அலைக்கழிப்பது என்று நினைத்துக்கொண்டு அவர் எலிக்குப் போனார். மூட்டைகளை நகர்த்தி, பொந்தை அடைத்து, ஒட்டுப் பலகைகளை வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கெண்டைக்கால் சதை தானாகத் துள்ளியது. இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள்.

பூச்சிக்காரருக்கு மனம் நிறைந்துவிட்டது என்றால் நம்ப வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலைத் தடவிக்கொடுத்தார். "பிடிச்சிடுச்சு. துடிக்குதுங்க பாரு. நல்லதுக்குத்தான்" என்றார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். மகள் வேலை முடிந்து வந்து, ரத்தம் கொடுத்தாயிற்றா என்று கேட்டபோது, நாளைக்குக் காலையில் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்களாம் என்று ஒரு பொய் சொன்னார். அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மகளிடம், இப்போதுதான் குடித்தாள், வாந்தி எடுத்துவிடுவாள் என்று சொல்லி டம்ளரைத் தானே வாங்கி வைத்துக்கொண்டார்.

விடிந்தபோது அவளால் விரல்களை மடக்க முடியவில்லை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சிறுநீர் போகவில்லை என்று மகளிடம்தான் சொன்னாள். மகள் அப்பாவை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் தெருவில் இறங்கி வண்டி பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நாடியைத் தொட்டுப் பார்த்த நர்ஸ் ஓடினாள். இதயம் தாறுமாறாக அடித்தது. இரண்டு கையிலும் ஊசி குத்தினார்கள். டாக்டரம்மா மூச்சிரைக்க வந்து, நேராகப் பூச்சிக்காரரிடம் கேட்டார்.

"நேத்து எத்தனை மாத்திரை குடுத்தீங்க?"

அவர் வாயைத் திறந்தார். பின்னால் மகள் நின்றாள். அதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்துவிட்டது.

"ஒண்ணுதாங்க. வட்டம் போட்டுக் குடுத்த மாதிரியேதான். குமட்டலா இருந்துச்சுன்னு நான்தான் தண்ணி குடிக்கல. சாயங்காலம் வரமாட்டேன்னும் நான்தான் அடம் பண்ணேன்."

டாக்டரம்மா மறுபடி அவர் முகத்தைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். ஆயுளில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ பொய் சொன்னவர், இந்தத் தடவை வாயால் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்து, என்ன நடந்தது என்று விளக்கினார். கெட்ட அணுக்கள் கோடிக்கணக்கில் ஒரே நாளில் செத்திருக்கின்றன. "செத்தது எங்கங்க போகும்? அதுக்குள்ள இருந்த உப்பெல்லாம் ரத்தத்துல கொட்டிடுச்சு. அள்ளி வெளியே போட வேண்டியது கிட்னி. அது அடைச்சுக்கிச்சு" என்றார்.

பூச்சிக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். பல வருடத்துக்கு முன் ஒரு தையல் கூடத்தின் மேல்தட்டில் அவர் வைத்த மருந்துக்குப் பதினொரு எலிகள் ஒன்றாகச் செத்தன. நாற்றம் தாங்காமல் ஒரு வாரம் கூடத்தை மூடினார்கள். செத்ததை யார் அள்ளுவது என்று தையல்காரர் அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டார். அன்றிலிருந்து எலிக்கு மட்டும் அவர் சிறுகச் சிறுகத்தான் மருந்து வைப்பார், மறுநாளே போய்ச் செத்ததைத் தேடி எடுப்பார். அது நேற்று ஏன் நினைவுக்கு வரவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்டு என்ன பயன்?

ஒன்பது நாள் எந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். பிழைத்துக்கொண்டாள். பத்தாம் நாள் சிறுநீர் தானாகப் போனது. அன்று டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நூற்றுக்கு எழுபது இருந்த கெட்ட அணுக்கள் மூன்றாகக் குறைந்திருந்தன.

"இவ்வளவு நல்லா மருந்து கேட்டவங்கள நான் பாத்ததில்ல. ஆனா ஒரே மாத்திரைக்கு இப்படி ஆகுதுன்னா, அடுத்து ரெண்டு குடுத்தா ஆள் இருக்கமாட்டாங்க. என்னால துணிஞ்சு குடுக்க முடியாதுங்க. வெறும் ஊசியை வெச்சு ஓட்டிப் பாப்போம்."

இந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான்கு கொடுத்தேன், தண்ணீரைத் தடுத்தேன் என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும், அந்த மருந்து அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். அவர் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். மிச்ச மாத்திரைகள் ஆஸ்பத்திரிச் சொத்து, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று நர்ஸ் சொன்னதற்கும் சரி என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், நான் போய்ச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள்.

"மகளுக்குத் தெரிஞ்சா உங்க மூஞ்சியிலேயே முழிக்கமாட்டா. எனக்கப்புறம் உங்களுக்கு யார் இருக்கா? கம்முன்னு இருங்க. மூணுதானே மிச்சம், ஊசியிலேயே போயிடும்."

அடுத்த வாரமும் கேட்டார். அதற்கு அடுத்த வாரமும் கேட்டார். வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று தெரிந்தேதான் ஒவ்வொரு தடவையும் கேட்டார். அவள் சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கும், நிம்மதியாக வேலைக்குக் கிளம்பிவிடுவார். அவரைக் கோழை என்று சொல்வதா பாவம் என்று சொல்வதா தெரியவில்லை. இரண்டும்தான்.

ஐந்து வாரம் அவள் நன்றாகவே இருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பயறில் கல் பொறுக்கினாள், அவருடைய கிழிந்த கையுறையைத் தைத்துக்கொடுத்தாள். நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தாள். "இப்ப குடிக்கிறேனே, மருந்து கழுவிக்கிட்டுப் போயிடுமா?" என்று அவரைச் சீண்டினாள். ஆறாவது வாரம் பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்தது. நிற்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில், நர்ஸ் ஐந்து முறை போனில் கேட்டுவிட்ட அந்த மிச்ச மாத்திரைகளைத் தேடினாள் மகள். அலமாரியில் இல்லை. கடைசியில் கரப்பான் பசை வைக்கும் டப்பாவுக்குள், தைத்த கையுறைக்குள், சுருட்டி வைத்த அட்டை கிடைத்தது. மயிரிழை பிசகைக் கண்ணாடியில் கண்டுபிடிக்கிறவள் அவள். அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். நான்கு குழிகள் காலியாக இருந்தன. கையுறைக்குள்ளேயே கிட்னி மாத்திரையும் போடாமல் கிடந்தது.

"அம்மா ஒண்ணுதானேப்பா சாப்பிட்டாங்க?"

பூச்சிக்காரர் சொல்ல ஆரம்பித்தார். அரைக் கலவை, முழுக் கலவை, தப்பித்தது தேறிவிடும் என்ற கணக்கு, எல்லாவற்றையும் வேலைக்குப் போன வீட்டில் விளக்குவது போலவே வரிசையாகச் சொன்னார். அவர் முடித்ததும் மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு என் கையிலிருந்து டம்ளரை வாங்குனீங்களே, அதுவும் இதுக்குத்தானா?"

அவர் ஆமாம் என்றார். அவள் அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அம்மாவை எழுப்பப் போனாள். அதன் பிறகு அவரோடு பேச்சை வெட்டிவிட்டாள்.

டாக்டரம்மாவும் கத்தவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா, கிட்னி தேறினதும் ஒண்ணு ரெண்டுன்னு ஏத்திக் குடுத்திருப்பேன். அப்ப மிச்சம் இருந்த கெட்ட அணு நூத்துக்கு மூணுதான். இப்ப நூத்துக்கு எண்பது இருக்கு. அதுவும் அன்னிக்குச் சாகாமத் தப்பிச்சதோட வாரிசுங்க. இனிமே இந்த மருந்துக்கு மசியுமான்னு தெரியலைங்க."

பூச்சிக்காரருக்கு அந்த வாக்கியம் முழுதும் மனப்பாடம்.

இருந்தாலும் கொடுத்துப் பார்ப்போம் என்று வார்டில் படுக்கை போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். மனைவி அவரைக் குனியச் சொல்லிக் காதில் கேட்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அவளுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்ப நான் எதுக்குங்க இத்தனை நாள் வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முதல் நாள் ஒன்று. நர்ஸ் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்த மாத்திரையை மகள் வாங்கி அம்மாவின் வாயில் வைத்தாள். அவர் தண்ணீர் ஊற்றக் கை நீட்டினார். மகள் ஜாடியை எடுத்துக் கட்டிலின் மறுபக்கம் வைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் இரண்டு. அன்று விழுங்கவே அரைமணி நேரம் ஆனது. ரத்தத்தில் எண்பது தொண்ணூறாகியிருந்தது. சாயங்காலம் மூக்கில் ரத்தம் வந்தது, பிறகு பேச்சு குழறியது. தலைக்குள் கசிகிறது என்றார்கள். விடியும் நேரத்தில் மூச்சு நின்றது.

முறை மாறி வேலைக்கு வந்த நர்ஸுக்கு இன்னும் சேதி தெரியாது. மூன்றாம் நாளுக்கான கிண்ணத்தைக் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள். வெளியே மழை பெய்தது. பூச்சிக்காரர் எதையாவது செய்ய வேண்டும் போலிருந்து, ஜாடி நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

மகள் அம்மாவின் முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கி, போர்வையைச் சரிசெய்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். மூன்று நாளில் அவரிடம் அவள் பேசியது அது ஒன்றுதான்.

"இன்னிக்கு முழு அளவுப்பா. நாலு இருக்கான்னு எண்ணிப் பாத்துக்கோங்க."

அவர் ஜாடியைத் தரையில் வைத்துவிட்டு எண்ணினார். நான்கு இருந்தது.